நான்காம் தெருவிலிருந்து ஆறாம் தெருவுக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய மண்டபத்தையும், விரிசல் விழுந்த அந்தப் பிரசித்தமான மணியையும் தரிசிப்பதற்காகப் பிலடெல்பியா நகரத்துக்கு வந்து சேருகிற யாத்திரிகர் கூட்டம், பெரும்பாலும் அவ்விரண்டையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்ட திருப்தியோடு மத்தியானச் சாப்பாட்டுக்குள் கலைந்துவிடுகிறது. அந்த மண்டபத்துக்கு வடக்கே நான்காம் தெருவில் ஒரு தேவாலயமும், தெற்கே ஆறாம் தெருவில் மற்றொரு தேவாலயமும் இருக்கின்றன. வடக்கே இருப்பது வெள்ளை மெதடிஸ்டுகள் ஸ்தாபித்த பரிசுத்த ஜார்ஜ் ஆலயம். தெற்கே இருப்பது அதிலிருந்து வெளியேறிய கறுப்பர்கள் ஸ்தாபித்த மதர் பெத்தேல் ஆலயம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நடந்தாலும் அரை மணி நேரத்துக்குமேல் ஆகாது. ஆனால் வெளியேறியவர்களுடைய சந்ததி அந்தத் தூரத்தைத் திரும்பக் கடந்து வந்து, ஜார்ஜ் ஆலயத்து ஞாயிறு ஆராதனையில் ஒருங்கே உட்காருவதற்கு இருநூறு வருஷங்களுக்குமேல் ஆயிற்று. மண்டபத்தையும் மணியையும் விட்டுவிட்டு இந்த அரை மணி நேர நடையை மேற்கொள்வதென்று நான் தீர்மானித்ததற்கு அதுவே காரணம்.

ஜார்ஜ் ஆலயம் வெளிப்பார்வைக்கு எளிமையான செங்கல் கட்டடம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தை ஒட்டினாற்போல நிற்பதால், பாலத்தின்மேல் ஓடும் வண்டிகளின் இரைச்சல் அங்கே ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1920-களில் அந்தப் பாலத்தைத் திட்டமிட்ட போது ஆலயத்தை இடித்துவிடுவதாகவே உத்தேசம். சபையார் விடாது போராடியதன் பேரில் பாலத்தையே சிறிது தள்ளிக் கட்டினார்கள். இக்கட்டடத்தை 1763-இல் எழுப்பத் தொடங்கிய ஜெர்மானியச் சீர்திருத்த சபையார் பணம் போதாமல் கடனில் மூழ்கியதால், 1769-இல் அது அரைகுறையாகவே மெதடிஸ்டுகளின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் அமெரிக்க மெதடிஸத்தின் பிதா என்று போற்றப்பட்ட பிரான்சிஸ் ஆஸ்பரி, 1771-இல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியதும் முதன்முதலாகப் பிரசங்கித்தது இங்கேதான். புரட்சி யுத்தத்தின்போது நகரத்தைப் பிடித்த பிரிட்டிஷ் சேனை, ஆலயத்துக்குள் குதிரைகளைப் பழக்கியது. எதிர்ச்சாரியில் நிற்கும் அகஸ்தீன் ஆலயம் கத்தோலிக்கருடையது என்கிற ஒரே குற்றத்துக்காக 1844-இல் ஒரு கும்பலால் கொளுத்தப்பட்டது. சகோதர அன்பைப் பெயரிலேயே தாங்கிய இந்த நகரத்துக்குக் கறுப்பரிடம் மட்டும்தான் கசப்பு என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் என் கண் தேடியது மேல்மாடத்தை. கதையெல்லாம் அங்கேதான் நடந்தது.

ரிச்சர்ட் ஆலன் 1760-இல் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய முதல் எஜமானர் பெஞ்சமின் சூ, பெரிய வக்கீல். பின்னால் பென்ஸில்வேனியா மாகாணத்தின் பிரதம நீதிபதியாகவும் ஆனவர். ஆலனின் குடும்பம் பிறகு டெலவேரில் ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்கிற விவசாயிக்கு விற்கப்பட்டது. ஸ்டர்ஜிஸ் கடன்பட்டவர், கடன் முற்றியபோது ஆலனின் தாயாரையும் உடன்பிறந்தோரில் சிலரையும் விற்றுவிட்டார். அந்நாட்களில் ஊர் ஊராகக் குதிரையில் போய் உபதேசித்த மெதடிஸ்ட் பிரசங்கிகளின் வார்த்தையைக் கேட்டு ஆலன் மனந்திரும்பினார். அவர்களில் ஒருவரான ஃப்ரீபார்ன் காரெட்ஸன், தம்முடைய அடிமைகளைத் தாமே விடுவித்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர், ஸ்டர்ஜிஸின் வீட்டிலேயே பிரசங்கித்தபோது எஜமானருக்கும் அடிமைத்தனம் பாவம் என்று உறைத்தது. உறைத்ததே தவிர, சும்மா விட்டுவிடும் அளவுக்கு உறைக்கவில்லை: 2000 டாலர் கொடுத்தால் விடுதலை என்று ஒப்பந்தமாயிற்று. ஆலன் விறகு வெட்டியும், செங்கல் சூளையில் உழைத்தும், யுத்த காலத்தில் உப்பு வண்டி ஓட்டியும், 1783-இல் தம்முடைய உடம்புக்குரிய கிரயத்தைத் தாமே செலுத்தி முடித்தார். இந்த மனிதருடைய வாழ்நாளில் பிற்பாடு நடந்தவை எல்லாவற்றையும், விலை கொடுத்து வாங்குவது, ரசீது பெறுவது, பத்திரத்தை வாசிப்பது என்கிற இந்த முதல் பாடத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

1784-இல் ஜார்ஜ் ஆலயம், ஆலனுக்கும் அவருடைய சிநேகிதர் அப்சலோம் ஜோன்ஸுக்கும் பிரசங்கிக்க அனுமதிப் பத்திரம் வழங்கியது. ஜோன்ஸும் அடிமையாய் இருந்தவர். தம்முடைய விடுதலைக்கு முன்பே மனைவியின் விடுதலையை விலைக்கு வாங்கியவர். பிள்ளைகளின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்கிற சட்டத்தை உணர்ந்து செய்த காரியம் அது. 1786-இல் ஆலன் பிலடெல்பியாவுக்கு வந்து, காலை ஐந்து மணிக்கே ஜார்ஜ் ஆலயத்தில் பிரசங்கம் செய்யலானார். வேலைக்குப் போகுமுன் கேட்டுவிட்டுப் போகலாமே என்று கறுப்பர்கள் திரண்டு வந்தார்கள். கூட்டம் பெருகப் பெருக, முன்பு எங்கும் உட்கார்ந்தவர்கள் சுவர் ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டார்கள். பிறகு, புதிதாகக் கட்டிய மேல்மாடத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

சம்பவ தினத்தன்று, வாசலில் நின்ற ஆலயப் பணியாளர் மேலே போகும்படி சொல்ல, அவர்கள் போய், கீழே தாங்கள் வழக்கமாக இருந்த இடத்துக்கு நேர் மேலாக இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபம் தொடங்கியது, எல்லாரும் முழங்கால்படியிட்டார்கள். ஆலயத்தின் தர்மகர்த்தாக்களில் ஒருவர் வந்து, முழங்காலில் இருந்த ஜோன்ஸைப் பிடித்துத் தூக்கி, இங்கே இருக்கக்கூடாது, எழுந்திரு என்றார். ஜெபம் முடியட்டும், பிறகு எழுந்து போய்விடுகிறோம், உங்களுக்கு இனித் தொந்தரவே இராது என்று ஜோன்ஸ் பதில் சொன்னார். அவர் கேட்கவில்லை, மற்றொரு தர்மகர்த்தாவைத் துணைக்கு அழைத்தார். இதற்குள் ஜெபம் முடிந்துவிட்டது. கறுப்பர் அனைவரும் ஒரே கூட்டமாக எழுந்து படியிறங்கி வெளியே போனார்கள்.

இது எந்த வருஷத்தில் நடந்தது என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் வழக்கு உண்டு. ஆலன் மரித்த பின் 1833-இல் அச்சான அவருடைய சுயசரிதையில் 1787 என்று இருக்கிறது. மேல்மாடமோ 1792-இல் கட்டப்பட்டதாகக் கணக்குகள் காட்டுகின்றன. வருஷம் எதுவானாலும், சுயசரிதையில் போகிறபோக்கில் வருகிற வேறொரு செய்தி எனக்கு முக்கியமாகப்படுகிறது: அந்த மேல்மாடத்தைக் கட்டுவதற்கும், புதுத் தளம் போடுவதற்கும் கறுப்பர்கள் தாராளமாகப் பணம் கொடுத்திருந்தார்கள். தங்கள் காசில் எழும்பிய மேல்மாடத்திலிருந்தே அவர்கள் எழுப்பப்பட்டார்கள். முழங்காலில் இருந்தவரைத் தூக்கிய காட்சி ஓவியங்களிலும் பிரசங்கங்களிலும் ஓயாமல் இடம்பெறுகிறது. சந்தாப் பணத்தை யாரும் படம் வரைவதில்லை. இவ்விரண்டு சபைகளின் உறவை அறிய விரும்புகிறவன் பின்தொடர வேண்டியது அந்தப் பணத்தைத்தான் என்று, மேல்மாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியது.

ஆலயத்தை விட்டுத் தென்மேற்காக நடந்தால், மார்க்கெட் தெருவும் ஆறாம் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக வசித்த வீட்டின் அஸ்திவாரம் இருக்கிறது. அந்த வீட்டில் அடிமைகள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஆறு மாதம் தொடர்ந்து தங்கும் அடிமை விடுதலை கோரலாம் என்று பென்ஸில்வேனியாச் சட்டம் சொல்லியதால், அந்தக் கெடு பூர்த்தியாகாதபடி அவர்களை அவ்வப்போது மாகாணத்துக்கு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்துக்கொள்வது ஜனாதிபதியின் வழக்கம். அஸ்திவாரத்துக்கும் சுதந்திர மணிக்கும் இடையே சில தப்படி தூரந்தான்.

மேலும் தெற்கே வந்தால் வாஷிங்டன் சதுக்கம். இப்போது நிழல் மரங்களும் பெஞ்சுகளுமாக இருக்கும் இந்தப் பூங்கா, அக்காலத்தில் ஏழைகளைப் புதைக்கும் மைதானம். 1793-இல் மஞ்சள் காய்ச்சல் பிலடெல்பியாவைத் தாக்கி, ஏறத்தாழ 5000 பேரை மாய்த்தபோது, பிரேதங்களில் பல இங்கே வந்து சேர்ந்தன. கறுப்பர்களை இந்த நோய் தொடாது என்று வைத்தியர் பெஞ்சமின் ரஷ் நம்பினார்; ஆகவே அவர்கள் முன்வந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆலனும் ஜோன்ஸும் தங்கள் ஜனங்களைத் திரட்டி வீடு வீடாகப் போனார்கள். நோயாளியைத் தொட்டுத் தூக்கினார்கள். சொந்த பந்துக்களே கைவிட்டு ஓடிய பிரேதங்களை அடக்கம் செய்தார்கள். வைத்தியருடைய நம்பிக்கை பிழையென்று அவர்கள் மாண்டதனால்தான் ருசுவாயிற்று. காய்ச்சல் தணிந்ததும், மாத்யூ கேரி என்ற பிரசுரகர்த்தர் எழுதிய புத்தகத்தில், கறுப்பர்களில் சிலர் பணிவிடைக்கு அநியாயக் கூலி வாங்கினார்கள், திருடவும் செய்தார்கள் என்று குற்றச்சாட்டு வந்தது. ஆலனும் ஜோன்ஸும் 1794-இல் ஒரு சிறு நூலை அச்சிட்டுப் பதில் கொடுத்தார்கள். அதில் ஆவேசத்தைக் காட்டிலும் வரவு செலவுக் கணக்கு அதிகம். சவப்பெட்டிக்கு இவ்வளவு, கூலியாட்களுக்கு இவ்வளவு, கையை விட்டுப் போனது இவ்வளவு என்று நிறுத்துக் காட்டியிருக்கிறார்கள். நகராதிபதி கொடுத்த நற்சான்றையும் சேர்த்து அச்சிட்டார்கள். ஆலனின் கையெழுத்து இல்லாவிட்டாலும் அது ஆலனின் வேலை என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அந்தக் காய்ச்சல் பரவத் தொடங்கியிருந்த நாட்களில், வெளியேறியவர்கள் கட்டிய ஆப்பிரிக்க ஆலயத்தின் கூரை ஏறிய நாளில் ஒரு விருந்து நடந்தது. முதலில் வெள்ளையர் அமரக் கறுப்பர் பரிமாறினார்கள். பிறகு கறுப்பர் அமர வெள்ளையர் பரிமாறினார்கள் என்று ரஷ் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆலயத்தார் எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்துகொள்ளத் தீர்மானித்து, ஆலனையே போதகராக அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார், தம் ஜனங்களுக்கு மெதடிஸ்டுகளின் எளிய உபதேசமே ஏற்றது என்பது அவருடைய பிடிவாதம். ஜோன்ஸ் அழைப்பை ஏற்று, எபிஸ்கோப்பல் சபையின் முதல் கறுப்பு குருவானவரானார். சிநேகம் கெடாமலே இருவரும் இரண்டு வழி போனார்கள். ஜார்ஜ் ஆலயத்துக் கறுப்பர்களில் வேறு சிலரோ வெள்ளை மெதடிஸ்டுகளின் ஸ்தாபனத்தை விட்டுப் போகாமல் ஸோவார் என்ற தனிச் சபையாகக் கூடினார்கள். அந்தச் சபை இன்றளவும் அதே ஸ்தாபனத்தில் இருந்துவருகிறது. வெளியேறியவர்களின் கீர்த்திக்கு நடுவில் தங்கியவர்களின் பொறுமையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நானும் இதோ இரண்டு வாக்கியத்தோடு கடந்து போகிறேன்.

ஆறாம் தெருவும் லொம்பார்ட் தெருவும் கூடும் மூலையில் பெத்தேல் ஆலயம் நிற்கிறது. இப்போதுள்ளது அந்த இடத்தில் எழுந்த நான்காவது கட்டடம். 1890-ஐ ஒட்டி முடிந்தது. கனத்த கற்களும் வளைவுகளும் உயர்ந்த கோபுரமும் வர்ணக் கண்ணாடிச் சாளரங்களுமாக, ஜார்ஜ் ஆலயத்தின் எளிமைக்கு நேர்மாறான கம்பீரத்தோடு இருக்கிறது. மனையை ஆலன் 1791-இல் வாங்கினார். அமெரிக்காவில் கறுப்பர்களின் உடைமையாக இடையறாது இருந்துவரும் நிலங்களுள் இதுவே மிகப் பழையது. அவர் ஒரு பழைய கொல்லன் பட்டறையை விலைக்கு வாங்கி, குதிரைகளைப் பூட்டி இழுத்து வந்து மனையில் நிறுத்தி ஆலயமாக்கினார். 1794 ஜூலையில் பிஷப் ஆஸ்பரியே வந்து பிரதிஷ்டை செய்தார்.

இங்கேதான் விவகாரம் ஆரம்பமாகிறது. 1796-இல் சபையைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிவந்தபோது, எஸிக்கியேல் கூப்பர் என்ற வெள்ளைப் போதகர், வக்கீல் கூலி எதற்கு, நானே எழுதித் தருகிறேன் என்று முன்வந்தார். ஆலனும் அவரைச் சேர்ந்தவர்களும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்கள். வீட்டைத் தான் கட்டி, பத்திரம் எழுதுகிற வேலையை மட்டும் சம்பந்தியிடம் விட்டவனுடைய கதி அவர்களுக்கு வாய்த்தது. பத்து வருஷம் போனபின், ஜேம்ஸ் ஸ்மித் என்கிற மூப்பர் வந்து, ஆலயத்தின் சாவியையும் புத்தகங்களையும் கொடுங்கள், என் உத்தரவில்லாமல் இங்கே கூட்டம் நடத்தக்கூடாது என்று சொன்னபோதுதான், பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டினார்கள். சொத்து முழுவதும் வெள்ளை மெதடிஸ்டுகளின் நிர்வாக அமைப்பாகிய மாநாட்டுக்குச் சொந்தமாகும்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வக்கீல் வாசித்துச் சொன்னார். வேறு வழி உண்டா என்று கேட்டார்கள்; சபையாரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் பத்திரத்தைத் திருத்தலாம் என்றார். சபை முழுவதும் சம்மதித்தது. 1807-இல் 'ஆப்பிரிக்க அனுபந்தம்' என்ற திருத்தம் பதிவாயிற்று.

மாநாட்டார் அதை ஏற்கவில்லை. பெத்தேலுக்குப் பிரசங்கிகளை அனுப்ப ஆண்டுக்கு 600 டாலர் கேட்டு, பேரம் பேசிப் பேசி 200 வரை இறங்கினார்கள். அனுப்பிய பிரசங்கிகளோ அபூர்வமாகவே வந்தார்கள். இந்த இழுபறியின் நடுவே 1815-இல் ஆலயம் ஏலத்துக்கு வந்தது. தாம் வாங்கிய மனையில், தாம் இழுத்து வந்து நிறுத்திய ஆலயத்தை, ஆலன் 10,125 டாலர் கொடுத்துத் திரும்ப ஏலம் எடுத்தார். அதன் பிறகும் ராபர்ட் பர்ச் என்ற வெள்ளை மூப்பர் ஆராதனை நேரத்தில் பிரசங்க பீடத்தில் ஏற வந்தபோது, சபையார் நடைபாதை முழுவதும் நெருக்கமாக நின்று வழியடைத்தார்கள். கை ஓங்கவில்லை, விலகவும் இல்லை. பர்ச் நியாயஸ்தலத்துக்குப் போனார். 1816 ஜனவரியில் பென்ஸில்வேனியா சுப்ரீம் கோர்ட்டு பெத்தேலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எந்த மாகாணத்தின் பிரதம நீதிபதியாய் இருந்தவருக்கு உடைமைப் பொருளாக ஒருவர் பிறந்தாரோ, அதே மாகாணத்தின் உச்ச நியாயஸ்தலம் அவருடைய உடைமை அவருக்கே உரியது என்று சொல்லிற்று. அவ்வருஷம் ஏப்ரலில் பல ஊர்க் கறுப்பு மெதடிஸ்டுகள் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையைத் தனி ஸ்தாபனமாக்கி, ஆலனை அதன் முதல் பிஷப்பாக அபிஷேகம் செய்தார்கள்.

ஆலயத்தின் கீழ்த்தளத்தில் மியூசியமும், ஆலனும் அவர் மனைவி ஸாராவும் அடக்கமாகியிருக்கும் கல்லறையும் இருக்கின்றன. அங்கே நிற்கையில் எனக்கு நம் பக்கத்துச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1935-இல் ஹவர்ட் தர்மன் என்ற கறுப்புப் பேராசிரியர், மனைவியோடும் வேறு இருவரோடும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்ததும் ஒருவர் அவரை நேராகவே கேட்டுவிட்டார்: உங்களை அடிமைகளாகப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள், ஏற்றிச் சென்ற கப்பல்களில் ஒன்றுக்கு இயேசு என்றே பெயர், இன்றைக்கும் உங்களைத் தாழ்த்துகிறவர்கள் அவர்களே, இப்படியிருக்க, நீர் கிறிஸ்தவராய் இங்கே வந்து நிற்பது உம்முடைய ஜனங்களுக்குத் துரோகமல்லவா? இயேசுவின் மார்க்கம் வேறு, அதன் பெயரால் நடக்கிற ஸ்தாபனம் வேறு என்ற தம்முடைய நிலையைத் தர்மன் விளக்கினார். பிற்காலத்தில் அவர் எழுதிய நூலுக்கு அந்தக் கேள்வியே வித்தாயிற்று. சான்பிரான்ஸிஸ்கோவில் 1944-இல் கறுப்பரும் வெள்ளையரும் சமமாகக் கூடும் ஒரு சபையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். கொழும்புக்காரருடைய கேள்வி கூர்மையானதுதான். ஆனால் தர்மன் கூறிய வித்தியாசத்தை, தத்துவமாகச் சொல்லாமல், பத்திரப் பதிவாகவே ஆலன் செய்து காட்டியிருந்தார் என்று அந்தக் கல்லறையின் முன் எனக்குப் பட்டது. உபதேசத்தை அவர் விடவில்லை. சாவியைத்தான் கொடுக்க மறுத்தார்.

பெத்தேலின் கதை முழுவதும் புகழ்மாலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெரீனா லீ என்ற பெண்மணி பிரசங்கிக்க அனுமதி கேட்டபோது ஆலன் முதலில் மறுத்தார். பல வருஷம் கழித்துத்தான், அவள் சபை நடுவே எழுந்து பேசியதைக் கேட்டு, மனம் மாறினார். சற்றுத் தெற்கே குவீன் தெருவில் சபையார் 1810-இல் வாங்கிய இடுகாட்டில் 5000 பேருக்குமேல் அடக்கமாகியிருக்கிறார்கள். புதுக் கட்டடச் செலவை முன்னிட்டு 1889-இல் அதை நகரசபைக்கு விற்றுவிட்டார்கள். பிற்பாடு அது குழந்தைகள் விளையாடும் பூங்காவாயிற்று. கீழே பிரேதங்கள் இருப்பதே மறந்துபோய், எங்கள் நாளில்தான் ஆராய்ச்சியாளர் தோண்டிப் பார்த்து நிச்சயப்படுத்தினார்கள். சுற்றுவட்டாரமும் மாறிவிட்டது. டூ போய்ஸ் என்ற கறுப்புச் சமூகவியல் அறிஞர் வீடு வீடாகக் கணக்கெடுத்து 1899-இல் நூலாக்கிய கறுப்பர் வட்டாரம் இதுவே. இன்றைக்கு இங்கே செல்வந்தரான வெள்ளையர் வீடுகளே பெரும்பான்மை. பெத்தேல் சபையார் ஞாயிறுதோறும் தொலைவான பேட்டைகளிலிருந்து வருகிறார்கள். மனை மட்டும் கைவிடப்படவில்லை.

வெள்ளை மெதடிஸ்டுகளின் ஸ்தாபனம் வெகு நாள் திருந்தவில்லை. 1939-இல் வடக்குத் தெற்குச் சபைகளை ஒன்றாக்கியபோது, கறுப்பு மாநாடுகளையெல்லாம் பிரதேசத்தால் அன்றி நிறத்தால் வகுத்து ஒரு தனி மண்டலத்தில் தள்ளினார்கள். தேசம் முழுவதற்குமாக ஒரு மேல்மாடம் கட்டியதுபோல் இருந்த அந்த ஏற்பாடு 1968-இல்தான் ஒழிந்தது. 2000-இல் அவர்களுடைய பொது மாநாடு கிளீவ்லாந்தில் கூடி, கறுப்பு மெதடிஸ்ட் சபைகளிடம் செய்த பிழைகளுக்காக மனஸ்தாப ஆராதனை நடத்தியது. 2009 அக்டோபரில் பெத்தேல் சபையார் ஜார்ஜ் ஆலயத்துக்கு வந்து, வெளியேறிய நாளுக்குப்பின் முதன்முறையாக ஞாயிறு ஆராதனையில் சேர்ந்து அமர்ந்தார்கள். பெத்தேலின் போதகரே பிரசங்கித்தார்.

இனி இரண்டும் ஏன் ஒன்றாகிவிடக்கூடாது என்று கேட்கிறவர்கள் உண்டு; அநேகமாக அவர்கள் நல்ல மனமுள்ள வெள்ளையர்கள். ஜெபத்தில் எழுப்பிவிட்ட பிழையை ஒரு காலை ஆராதனையில் மன்னிக்கலாம், மன்னித்தும் இருக்கிறார்கள். ஆனால் 10,125 டாலரும் இருபது வருஷத்து வழக்கும் கொடுத்துச் சம்பாதித்த சாவியை, சமாதானத்தின் பெயராலேகூட, எதற்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? 2012-இல் ஐக்கிய மெதடிஸ்ட் சபையும் ஆலனுடைய சபையும் மற்றக் கறுப்பு மெதடிஸ்ட் சபைகளும் பூரண ஐக்கிய உடன்படிக்கைக்கு வந்தன. ஒருவர் ஞானஸ்நானத்தையும் நற்கருணையையும் ஊழியத்தையும் மற்றவர் அங்கீகரிக்கிறார்கள். பிஷப்புகளும் நிர்வாகமும் சொத்தும் அவரவருடையதாகவே இருக்கின்றன. ஆலன் உயிரோடிருந்தால் இதில் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன்பு, தாம் கூலி கொடுத்து அமர்த்திய வக்கீலிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுத்திருப்பார்.